சென்னிமலை கை நனைத்த வெள்ளிக்கிழமை

சென்னிமலைக்குச் சோறு ஆகாது. இதைச் சொன்னால் புதுச்சத்திரத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் உச்சுக்கொட்டுவார்கள். சோறு ஆகாத மனுஷன் உண்டா என்று கேட்டால், இதோ ஒருவர் இருக்கிறாரே, ஐந்தே முக்கால் அடி உயரத்தில்!

பத்தொன்பது வயதில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறியவர். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று இருபத்திரண்டு வருஷம் சுற்றினார். பூமிக்குள் குழாய் இறங்கிக்கொண்டிருக்கும்போது யார் சாப்பாட்டு நேரம் பார்ப்பது? கிடைத்ததைக் கிடைத்தபோது விழுங்கினார். ஊருக்குத் திரும்பி முட்டை லாரி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் வயிறு மக்கர் செய்தது. நாலு கவளம் சோறு உள்ளே போனால் போதும், வயிறு உப்பிக் கல்லாகிவிடும். அரை மணி நேரத்தில் ஓட்டம் பிடிக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து திருச்சூர் வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

சீரகத் தண்ணீர், ஓமம், கலர் கலராய் மாத்திரை, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "புண்ணு, கட்டி ஒண்ணும் இல்லைங்க. ஏதோ சாப்பாடு உங்க குடலுக்கு ஒத்துக்கல. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க" என்றார். நாலு மாதம் நிறுத்திப் பார்த்ததில் அரிசி போயிற்று, கோதுமை போயிற்று, ராகி, பருப்பு, வெங்காயம் எல்லாம் போயிற்று. ஆட்டுக்கறி, கோழி, முட்டை, தயிர், கொஞ்சம் புடலங்காய் மட்டும் நின்றன. வயிறு அடங்கியது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

"நாங்கெல்லாம் ஞாயித்துக்கெழமைக்குத்தான் கறி எடுக்கறோம். உனக்குத் தெனமும் மாப்ள விருந்து!" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். வயிற்று வலிக்காரர் யாராவது தனியாக வந்து யோசனை கேட்டால், "எனக்குக் கேட்டுச்சுங்க. உங்களுக்கு என்னன்னு டாக்டரக் கேளுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்.

உண்மையில் அது விருந்தா? மூன்றாம் மாதமே கறி அலுத்துவிட்டது. சோற்றின் ருசிக்குக்கூட அவர் ஏங்கவில்லை. பந்தியில் தோளோடு தோள் உரசி உட்கார்வதற்குத்தான் ஏங்கினார். கல்யாண வீட்டில் எல்லாரும் இலைக்கு ஓட, இவர் மட்டும் வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் ஒரு சிக்கல். மனைவி ராசாத்தி வெள்ளியும் சனியும் கவுச்சி தொடமாட்டாள். அந்த இரண்டு நாளும் சென்னிமலை தம் லாரி ஸ்டவ்வைக் கொல்லைப்புறத்தில் வைத்துத் தாமே முட்டை வேகவைத்து, தாமே உரித்து, ஓட்டையும் தாமே பொறுக்கிப் போடவேண்டும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் ராசாத்தி அந்த விரதத்தை விட்டதே கிடையாது.

இந்த நேரத்தில்தான் மகள் தேவிப்ரியாவுக்கு ஓமலூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஆனந்தகுமார் நல்ல பையன், பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைப்பதில்லை. முடிந்த அன்று மாப்பிள்ளை வீட்டில் இலை போடுவார்கள். பெண்ணைப் பெற்றவன் அதில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் மனசில் குறை என்று அர்த்தம். அப்படி நின்றுபோன சம்பந்தங்கள் ஊரில் உண்டு.

பார்த்த நாளோ ஆவணி வெள்ளிக்கிழமை. சுத்த சைவம்.

"சொல்லிப்போடலாம் புள்ள" என்றார் சென்னிமலை ராசாத்தியிடம்.

"சொன்னா? அப்பனுக்கு வகுத்துல சீக்கு, புள்ளைக்கும் வரும்பாங்க. மூணு கவளம் உண்ணுங்க மாமா, அவ ஒருத்திக்காவ."

போன வருஷம் மச்சினன் வீட்டில் இப்படித்தான் மூன்று கவளம் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தார். இருந்தாலும் தலையாட்டினார். திரும்பி வரும்போது ஆகும் என்று நாலு அவித்த முட்டையை டப்பாவில் போட்டு, ஆம்னி வண்டியின் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போனார்கள்.

ஓமலூரில் தட்டு மாற்றியாயிற்று, இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா வெங்கடாசலம் சென்னிமலையைக் கையோடு பக்கத்தில் உட்காரவைத்தார். எதிர்வரிசையில் ராசாத்தி. மாப்பிள்ளையின் அம்மா கலைமணி குவித்துப் போட்டார். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது.

முதல் கவளம் இறங்கிவிட்டது. இரண்டாவதைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். வீட்டில் விட்டுவந்த தேவிப்ரியாவின் முகத்தை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

"வேண்டாம் மாமா, வெச்சுருங்க!"

ராசாத்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றிருந்தாள். சுப காரியத்தில் இலையிலிருந்து எழுவதா! பந்தியே திரும்பிப் பார்த்தது. "அவருக்குச் சோறு ஆவாதுங்க. உண்டா படுத்துக்குவாருங்க. நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். பாவி நான், பாத்துட்டு உக்காந்திருக்க முடியலீங்க" என்று அழுதாள்.

மூலையிலிருந்து ஒரு பெரியவர், "அப்பப் புள்ளைக்கும் வருமோ?" என்று வாய்விட்டே கேட்டார்.

சென்னிமலை கவளத்தை இலையில் வைத்தார். "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க, மூணு வேளையும் சோறுதான் உண்கறா. எனக்கு ஆவறது முட்டையும் கறியும் தயிரும்தானுங்க. மறைச்சது எங்க தப்பு. வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார்.

வெங்கடாசலம் தம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, தயிர் ஆவும்னீங்கல்ல?" என்று கேட்டது கலைமணி. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கட்டித் தயிரும் கரண்டியுமாக வந்து, பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார்.

வெங்கடாசலம் இலையிலிருந்து நிமிர்ந்தார். "கரண்டி வேண்டாம் சம்மந்தி. கையிலயே உண்ணுங்க. எங்க சனம் அத்தனையும் பாக்கோணும்."

சென்னிமலை நாலு விரலையும் தயிரில் விட்டு வழித்துச் சாப்பிட்டார். இருபுறமும் தோள்கள் உரசிக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில், மல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். அந்த ஒரு கவளம் லேசாக முறுக்கத் தொடங்கியிருந்தது. பசியும் சேர்ந்துகொண்டது. டப்பாவுக்காகக் குனிந்தார், அதற்குள் ராசாத்தி அதை எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம புள்ள, நானே உரிச்சுக்கறேன்."

"தெரியும், சும்மா இருங்க."

கதவு விளிம்பில் முட்டையைத் தட்டி, ஓட்டை ஒரு பிசிறு இல்லாமல் உரித்து, அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"ஆறிப்போயிருக்கு, உண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ராசாத்தி அடுத்த முட்டையைத் தட்டினாள்.