ஃபிட் இல்லை என்ற துண்டு

என் மூளைக்குள் கரண்டு தாறுமாறாக ஓடுகிறது என்று டாக்டர் சொன்னபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே கரண்டு வந்திருக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. பொல்பிட்டியவில் தண்ணீரை விழவைத்துக் கரண்டு எடுத்தார்கள். துரை பங்களாவுக்குப் போனது, ஃபேக்டரிக்குப் போனது. எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார்.

“லயத்துக்கு வராத கரண்டு ஒன் மண்டைக்கு மட்டும் எந்த வழியாடி வந்துச்சு? ஒரு பல்ப மாட்டிப் பாப்பமா?”

பிறகுதான் அவர் முகம் மாறியது.

நடந்தது இதுதான். ஒரு நாள் காலை சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் கிடக்கிறேன். தலை, பக்கத்து நிரைக்காரியின் மடியில். நாக்கில் ரத்தம். கையில் இரும்புச் சாவி. காக்கா வலிப்புக்கு இரும்பைக் கொடுத்தால் அடங்கும் என்று யாரோ கொழுந்து மடுவத்துச் சாவியைத் திணித்துவிட்டார்கள். அதைப் பிடித்த பிடியிலேயே என்னை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே மடுவம் பூட்டிக் கிடக்க, கொழுந்து நிறுக்க வழியில்லாமல் எல்லோரும் கூடையோடு மழையில் நின்றார்களாம். திரும்பி வந்தபோது ‘எப்படி இருக்கே’ என்று ஒருத்தி கேட்கவில்லை. ‘சாவி எங்க’ என்றுதான் கேட்டார்கள்.

சொல்லிக்கொண்டே போவேன். இதை எழுதுகிற பேத்தி, “அம்மாயி, டாக்டர்கிட்ட வாங்க” என்கிறாள். வருகிறேன்.

கண்டிக்கு அனுப்பித் தலையை டெஸ்ட் பண்ணினார்கள். எண்ணெய் வைக்காமல் வா என்றார்கள். பிறந்ததிலிருந்து எண்ணெய் இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. தலை முழுக்கப் பசை தடவி வயர் வயராக ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து விடு என்றார்கள். பேப்பரில் கோடு கோடாக வந்தது, நம் மலைகளைப் போல. அந்தப் பசையைக் கழுவ அரப்புப் போட்டும் மூன்று நாளானது.

அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டுதான் ஹட்டன் கிளினிக்கில் டாக்டர் பேசினார். யாழ்ப்பாணத்து ஆள், என் மூத்த மகன் வயது இருக்கும். நல்ல பிள்ளை. ஆனால் அவர் பேசுவது தமிழா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

“அம்மா, இந்த இடத்திலை கரண்ட் குழம்பி ஓடுது. ஒருக்காத்தானே விழுந்தனீங்கள்? பிறகு ஒண்டும் வரேல்லையோ?”

“ஒண்ணும் இல்லைங்க ஐயா.”

“அப்ப ரெண்டு வழி இருக்கு. குளிசை இப்பவே துவங்கலாம். துவங்கினா வருசக்கணக்கா ஒரு நாளும் விடேலாது. முதல்லை நித்திரை நித்திரையா வரும், தலை சுத்தும். இல்லையெண்டா பொறுத்துப் பாக்கலாம். ஆனா திரும்ப வரலாம், வராமலும் விடலாம்.”

“எது நல்லதுங்க ஐயா?”

“அதை நீங்கள்தான் யோசிச்சுச் சொல்ல வேணும்.”

எனக்கு வந்ததே எரிச்சல்! எந்த நிரையில் நிற்பது என்று கங்காணி சொல்வார். எந்த மலையில் எடுப்பது என்று கங்காணிக்கு மேலே இருக்கிற கண்டாக்கையா சொல்வார். யாரைக் கட்டுவது என்று அப்பா சொன்னார். பிள்ளைப்பேறு போதும் என்றுகூட ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். ஆயுசிலேயே முதல் தடவையாக ஒருத்தர் ‘நீயே முடிவு செய்’ என்கிறார், அதுவும் மூளை விஷயத்தில்! மாத்திரையைக் குடித்தால் தூக்கம், சரிவில் தூங்கி விழுந்தால் எலும்பு மிஞ்சாது. குடிக்காவிட்டால் அடுப்பிலேயே விழலாம். படித்த மனிதருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

“யோசிக்கிறேங்க ஐயா” என்றேன். வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். “தாராளமா” என்று இங்கிலீசில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அதை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்கும் முடிவெடுக்கப் பயம். “சாமிகிட்ட பூப்போட்டுப் பாத்துருவோம்” என்றார். மாரியம்மன் கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது.

“அப்ப குளிச வேணாம்” என்றார் வீட்டுக்காரர்.

“வெள்ளன்னா குடிக்கணும்னுதானே நெனச்சோம்?”

“நான் வேணாம்னு நெனச்சேன்.”

“குளிசையே வெள்ளையாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்!”

பூசாரி இருவரையும் பார்த்தார். “மொதல்ல புருசனும் பொஞ்சாதியும் பேசிட்டு வாங்க. அம்மாள ஏன் வம்புல இழுக்குறீங்க?” என்று தேங்காய் மூடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் துண்டை நீட்டினேன். கண்டாக்கையா படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார்.

“பேர் போட முடியாதும்மா. ஃபிட் இல்லன்னு டாக்டரே எழுதியிருக்காரு.”

எங்கள் தோட்டத்தில் சுகமில்லாமல் கிடந்து எழுந்தால், மருந்துக் காம்பரா ஐயா ‘ஃபிட்’ என்று துண்டு கொடுக்க வேண்டும். வேலை செய்ய உடம்பு சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் இருந்தால்தான் பேர் விழும், அன்றைய சம்பளம் கிடைக்கும். படிக்கத் தெரியாத எங்களுக்கும் அந்தச் சொல் தெரியும்.

“போகலாம்னு வாயால சொன்னாருங்க.”

“வாயி சொல்றத செக்ரோல் புத்தகத்துல ஒட்ட முடியுமா? போம்மா, அங்கிட்டு நில்லு.”

இத்தனை பேருக்கு முன்னால் ‘அங்கிட்டு நில்லு’! டாக்டர் மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, எனக்குத் தெரியாத எழுத்தில் என் வயிற்றில் அடித்துவிட்டாரே என்று வீடுவரை திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த கிளினிக் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். பாத்திரத்தையெல்லாம் இரண்டு தரம் விளக்கினேன்.

நாலாம் நாள் வேலை விட்டதும் பக்கத்து நிரைக்காரி வந்தாள். கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று சொன்னாள்:

“நீ இல்லாம எனக்கு ஒரு கை சும்மா இருக்குடி. ஒன் கூடையப் புடிக்கிற வேல மிச்சம்.”

“என் கூடைய நீ எதுக்குடி புடிக்கிற?”

“நீ நிப்பேல்ல, அப்பத்தான்.”

“எங்க நிக்கிறேன்?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “வெளையாடாத. கொழுந்தக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்ப. கூப்பிட்டாக் கேக்காது. வாய மட்டும் மெல்லுவ. பத்து எண்றதுக்குள்ள சரியாயிரும். சரிவுல சாஞ்சிருவியோன்னு கூடையப் புடிச்சுக்குவேன்.”

“எப்ப இருந்து?”

“ஒங்காத்தா செத்ததுல இருந்து. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ. போன கெழமகூட தண்ணி புடிக்கிற எடத்துல அப்படித்தான் நின்ன.”

ஆத்தா செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“ஏன்டி பாவி எங்கிட்ட சொல்லல?”

“ஆத்தாவ நெனச்சுக்கிட்டு நிக்கிறேன்னு நெனச்சேன். துக்கத்துல நிக்கிறவளப் போயி, ஏன்டி நிக்கிறன்னு கேப்பாங்களா?”

அவள்மேல் கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் பேர் போகிறதே என்று ஹட்டன் வரை பஸ்ஸில் முணுமுணுத்தாள். டாக்டரைப் பார்த்ததும் முதல் வேலையாகத் துண்டை மேசையில் வைத்தேன்.

“வேலைக்கிப் போன்னு சொல்லிட்டு ஃபிட் இல்லன்னு எழுதினீங்களே ஐயா, நாயமா?”

அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ஐயோ அம்மா! வலிப்புக்கும் ஃபிட்ஸ் எண்டுதான் இங்கிலீசிலை சொல்லுறது. பிறகு வலிப்பு வரேல்லை எண்டுதான் நான் எழுதினது!”

பக்கத்தில் நின்றவள் சும்மா இருப்பாளா? “வரலன்னு யாருங்க சொன்னா?” என்று ஆரம்பித்து, நிற்பதையும் மெல்லுவதையும் நடித்தே காட்டினாள். நர்ஸ் சிரிப்பை அடக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை. கோடு போட்ட பேப்பரைத் திரும்ப விரித்தார்.

எழுதியது டாக்டர், அது உண்மையில்லை. படித்தது கண்டாக்கையா, அது பிழை. பிழையாகப் படித்ததுதான் சரியாக இருந்திருக்கிறது! நான் ஃபிட் இல்லை.

“அதுவும் வலிப்புத்தான் அம்மா, சின்ன வலிப்பு” என்றார் டாக்டர். “இதை முதலே தெரிஞ்சிருந்தா குளிசையைத் துவங்குங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். எண்டாலும் முடிவு உங்கடைதான்.”

மறுபடியும் அதே பேச்சு! நான் அவளைக் காட்டினேன். “நான் என்னையப் பாத்ததே இல்லைங்க ஐயா. பாத்தவ இவதான். இவ சொல்லட்டும்.”

அவள் யோசிக்கவே இல்லை. “ஒரு கையில கொழுந்தும் ஒரு கையில ஒன்னையும் எத்தன காலத்துக்குடி புடிப்பேன்? முழுங்கித் தொல.”

அன்றைக்கே ஆரம்பித்தேன். புதுத் துண்டைத் தமிழில் எழுதச் சொன்னேன். “ஃபிட்டும் வேணாம், இல்லையும் வேணாம் ஐயா. ‘சரிவில்லாத மட்டமான மலையில வேல குடுங்க’ன்னு மட்டும் எழுதுங்க.” அப்படியே எழுதிக் கொடுத்தார். கண்டாக்கையா அதையும் இரண்டு தரம் படித்தார். பேர் விழுந்தது.

முதல் இரண்டு மாதம் குளிசை என்னைப் பாடாய்ப் படுத்தியது. சோற்றில் கை வைத்தபடி தூங்கினேன். டாக்டரைத் திட்டினேன், அவளைத் திட்டினேன். “நீதானடி முழுங்கச் சொன்ன” என்று நிரை நிரையாகச் சண்டை போட்டேன். அவள் என் கூடையைப் பிடித்தபடியே வந்தாள். பிறகு தூக்கம் மெல்லக் குறைந்தது.

ஒரு நாள் காலை நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் நாலு செடி முன்னால் போய்விட்டாள். என் கூடையை யாரும் பிடிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது.

“என்னடி, என்னைய விட்டுட்டுப் போற?”

அவள் திரும்பக்கூட இல்லை. “ஒனக்குத்தான் ஃபிட் ஆயிருச்சே. வெரசா வாடி.”