எஞ்சிய களிம்பு

என் தம்பி பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவன். சுரங்கத்து மண்மேட்டில் மரக்கன்றுகளுக்கு நீர் விடும் ஒப்பந்த வேலையில் பதினாறு ஆண்டுகள் வெயிலில் நின்றான். மூன்றாண்டுகளுக்கு முன் அவனுடைய இடக்காதில் வந்த புண் தோல்புற்று என்று தெரிந்தது. புதுச்சேரி மருத்துவமனையில் தந்த களிம்பிலேயே அது ஆறியது. எஞ்சிய களிம்பை என் குவார்ட்டர்ஸில் பத்திரப்படுத்தி வைத்தேன்.

சென்ற ஆண்டு அவன் கழுத்திலும் ஒரு புண் தோன்றியது. அதே சுரங்கத்தில் நிரந்தரப் பணியாளனான எனது மருத்துவ அட்டையில் தம்பிக்கு இடமில்லை. புதுச்சேரிக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். அவ்வாரம் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் அகப்படவில்லை.

"அதே ஒடம்பு, அதே நோவுதான்டா. அந்த மருந்தையே போடு," என்றேன்.

மறுபேச்சின்றித் தடவிக்கொண்டான். அடுத்த வாரமும் ஆள் அகப்படவில்லை. அதன்பின் நான் தேடவே இல்லை.

ஏழு மாதங்கள் கழித்து, கழுத்தில் நெறி கட்டிய பிறகே புதுச்சேரிக்குப் போனோம். காதிலிருந்து முன்பு எடுத்து வைத்திருந்த சதைத்துணுக்கையும் கழுத்திலிருந்து புதிதாக எடுத்ததையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாளில் மருத்துவ அம்மையார் பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டும் ஒரே தோல்ல வந்ததுதான். ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு வரல. காதுல மாறியிருந்த மரபணு வேற, கழுத்துல மாறியிருக்கிறது வேற. அது மெதுவா வளர்றது, இது பரவுறது. அந்தக் களிம்பு இதுக்கு ஆகாது."

தம்பி சிரித்தான். "எங்க டவுன்ஷிப்பு மாதிரின்னு சொல்லுங்க. ஒரே பிளாக்குதான், வூட்டுக்கு வூடு வேற ஊருக்காரன்."

அவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கழுத்துப் புண்ணு எப்ப ஆரம்பிச்சது? சரியாச் சொல்லுங்க. ஆபரேஷன் மட்டும் போதுமா, கதிர்வீச்சும் வேணுமான்னு நான் முடிவு பண்ணணும்."

"ஒரு மாசமாத்தாங்க இந்தப் புண்ணு இருக்குது," என்று தம்பி முந்திக்கொண்டான். மேசைக்கடியில் அவன் கால் என் காலை அழுத்தியது. என்னைக் காப்பதற்காகத் தன் உயிரை வைத்துப் பொய் சொல்கிறான் என்பது விளங்கியது. விளங்கிய பிறகும் ஒரு நொடி அந்தப் பொய்க்குள் நான் ஒதுங்கி நின்றேன். அதை இங்கே மறைக்க மாட்டேன்.

"ஏழு மாசங்க," என்றேன். "மருந்து போட்டா போதும்னு சொன்னது நான்தான்."

மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, ஏழு என்று எழுதினார். கதிர்வீச்சும் தேவைப்படும் என்றார்.

"ஒன்ன யாருண்ணா கேட்டாங்க?" என்றான் தம்பி.