குதிகாலுக்கு ஒரு அரிசி மூட்டை

டடக்... டடக்... டடக்...

போன வாரம் ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட் வாசலில் நின்றிருந்தேன். பக்கத்தில் வசந்தா மதினி, என் அண்ணன் மனைவி. இதே சத்தம் வீடு வரை கேட்க, அவர் கட்டிலில் படுத்தபடி அழுதது ஞாபகம் வந்தது.

மதினி அங்கே நாலு தறி பார்த்தவர். நாள் முழுக்கத் தறிக்குத் தறி நடை. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிறதே, தசைநாண் - அது வலிக்க ஆரம்பித்தது. வைத்தியம்? நெய்கிற ஊரில் பேண்டேஜுக்குப் பஞ்சமா! காலைப் பூசணிக்காய் அளவுக்குச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் படுத்தார். எழுந்தால்... வலி முன்னைவிட அதிகம். "இன்னும் ஆறு வாரம் பார்ப்பேன். பொறவு வேற ஆளைப் போட்டுருவேன்" என்று ஓனர் சொல்லி அனுப்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கூட்டிப்போனேன். அவர் கட்டை அவிழ்த்தார்... அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்புட்டு சுத்தியிருக்கீங்கக்கா?"

"நம்ம தறித் துணிதானம்மா. சும்மா கெடக்குதேன்னு..."

"நாணைச் சும்மா போட்டா தொய்ஞ்சுதான் போகும். படி ஓரத்துல நின்னு குதிகாலை மெதுவா ஏத்தி இறக்குங்க. போகப்போக தோள்ல அஞ்சு கிலோ அரிசியோட."

"நொண்டிக்கு மூட்டையா? நல்லா இருக்கே வைத்தியம்!"

எனக்கும் அதே சந்தேகம்தான். வளர்ந்து முடிந்த உடம்பில் நாண் மாறுமா?

"மாறும் சார். பருமன் கொஞ்சம்தான் கூடும், உறுதி நல்லாக் கூடும். நாருக்கு நடுவுல உயிரணு உக்காந்திருக்கு. இழுவை வந்தாத்தான் அதுக்கு வேலை ஞாபகம் வரும். லேசா வலிச்சா பரவால்ல, மறுநாளைக்குள்ள அடங்கணும். ஆனா, சதை சீக்கிரம் தேறிரும். நாணுக்கு மூணு மாசமாவது ஆகும்."

மதினி விடவில்லை. "தறியில பாவு நூலை இழுத்தா அறுந்துல்லா போகும்? இது தேறுதாக்கும்!"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம், நாள்பட்ட வலியோடு இருக்கும் என் முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தேன். ஐம்பது வயதில் உடம்பு பூச்சு வேலை வரை முடிந்த கட்டடம், இனி விரிசல்தான் பாக்கி என்றல்லவா நினைத்திருந்தேன்? உள்ளே இத்தனை பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்களா!

ஆறாவது வாரம். மூட்டை பத்து கிலோவாகிவிட்டது. கெண்டைக்கால் கல் மாதிரி. நாண் மட்டும் பாதி வழியில். கெடுவோ முடிந்துவிட்டது. அதனால்தான் அந்த ஷெட் வாசல்.

ஓனர் வந்தார். "என்ன வசந்தா, நாலு தறியும் பார்த்துருவியா?"

"இல்ல அண்ணாச்சி. இப்ப ரெண்டு குடுங்க."

"ஏன், கால் சரியாகலையா?"

"ஆகிட்டிருக்கு. சும்மா வச்சிருந்தாலும் கெட்டுப்போகும், ஒரேயடியா ஏத்துனாலும் கெட்டுப்போகும். கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணுமாம்."

ஓனர் அவர் குதிகாலைப் பார்த்தார். உள்ளே தறிகளைப் பார்த்தார்.

"சரி... நாளைக்கு வந்துரு."

காலுக்குச் சொன்ன வைத்தியத்தை வேலைக்கும் சேர்த்து எழுதி வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நான் வாரேன் மதினி."

"போயிட்டு வாங்க கொழுந்தனாரே. அடுத்த மாசம் மூணாவது தறியை நானே கேட்பேன்... நாலாவதை அவரா கொண்டாந்து தருவாரு, பாருங்க!"