ஒடிந்த பிளக்கும் அம்மாவின் தலையாட்டலும்

வேலைக்காகப் பிரான்ஸ் போன அண்ணன், இரண்டாம் வருடம் ஒரு லேப்டாப் அனுப்பிவைத்தான். ஞாயிறு மதியம் அதில்தான் வீடியோவில் பேசுவோம். ஸ்பீக்கரில் பேசினால் தெருவே கேட்கும் என்று அம்மாவுக்குக் கூச்சம். அதனால் ஹெட்ஃபோனின் ஒரு காது அவளுக்கு, இன்னொரு காது எனக்கு.

அந்த ஞாயிறு, அவனுக்காகப் பார்த்துவைத்திருந்த பெண்ணின் போட்டோவைக் காட்ட அம்மா துடித்துக்கொண்டிருந்தாள். அவனோ, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"இருடா, நான் மொதல்ல" என்று பீரோவைப் பார்த்து எழுந்தாள், காதில் ஒயரோடு.

டப். பிளக் ஒடிந்து நுனி உள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்ஃபோன் இன்னும் மாட்டியிருப்பதாகவே லேப்டாப்புக்கு நினைப்பு; ஸ்பீக்கரும் பேசவில்லை. திரையில் அண்ணனின் வாய் மட்டும் அசைந்தது.

'சத்தம் இல்லை' என்று இரண்டு வார்த்தை தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். லேப்டாப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று அவனிடம் பீற்றிக்கொண்டவள். போட்டோவோடு வந்து உட்கார்ந்த அம்மாவின் காதில், "அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன், சும்மா தலையாட்டும்மா" என்று கிசுகிசுத்தேன்.

சிரித்தபடி தலையாட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டான். மறுபடி தலையாட்டினாள். கையசைத்துவிட்டுப் போய்விட்டான். போட்டோ அவள் மடியிலேயே கிடந்தது.

ஊசியால் நோண்டினேன், நுனி இன்னும் உள்ளே போனது. கடையில், "பிரிச்சாத்தாம்மா வரும், பத்து நாள் ஆவும்" என்றார்கள்.

"அழுதானேடி, என்ன சொன்னான்னு போன் போட்டுக் கேளேன்" என்று அம்மா தினமும் நச்சரித்தாள். நான்தான் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை, காலி ரீஃபில் ஒன்றின் முனையில் துளிப் பசை தடவி, உள்ளே விட்டு அழுத்திப் பிடித்தேன். "மூச்சு விடாதடி" என்று அம்மா ஃபேனைக்கூட நிறுத்தினாள். முதல் தடவை ரீஃபில் மட்டும் வந்தது. இரண்டாம் தடவை நுனியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஸ்பீக்கரிலேயே அண்ணன் குரல் கணீரென்று கேட்டது. "அம்மா, போன வாரம் நீ தலையாட்டுனதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. கூட வேலை செய்யிற பொண்ணுன்னா ஒத்துக்கமாட்டியோன்னு எவ்ளோ பயந்தேன் தெரியுமா? அவங்க வூட்லயும் பேசிட்டேன்."

"அண்ணா, அது வந்து..."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். திரையில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பொண்ணு காரம் சாப்புடுமாடா?" என்றாள்.

பேசி முடித்ததும் போட்டோவைத் திருப்பிக் கொடுக்க உறையில் போட்டாள். "கேக்காமலே சரின்னுட்டியேம்மா" என்றேன்.

"கேட்டிருந்தா கத்தியிருப்பேன். அவன் மூஞ்சியப் பார்த்தேன்ல. அப்புறம் எப்படி இல்லங்கறது?"

அவள் மனதார ஒத்துக்கொண்டாளா, என் வீறாப்பு அவள் வாயை அடைத்துவிட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணனிடம் இதுவரை சொல்லவும் இல்லை.