கடாரம் பார்க்கப் போன சற்குணமும் என் கரி லோரியும்

சற்குணம் மாஸ்டருக்கு எழுபது வயது நிறைகிறது, மலர் போடுகிறோம், அவரோடு நெடுநாள் பழகிய நீங்கள் இரண்டு பக்கம் தரவேண்டும் என்று சங்கத்துப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். நான் வாயால் சொன்னால் போதுமாம், அவர்களே எழுதிக்கொள்வார்களாம். எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் அடுத்தவன் லோரியில் மூட்டை ஏற்றி, முதுகுத்தோல் உரிந்து, முப்பது வயதுக்குள் சொந்தமாக லோரி வாங்கியவன். இன்றைக்குப் பட்டர்வர்த் சடக்கில், ரோட்டோரமாக, நின்று பாருங்கள், சந்திரசேகரன் என்று பெயர் போட்ட வண்டி கண்ணில் படாமல் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முடியாது. இவ்வளவும் செய்தவனுக்கு இரண்டு பக்கம் ஒரு பெரிய காரியமா.

மலர் என்றால் புகழ வேண்டுமாம். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருஷமாக அவனுக்காகச் சடக்கோரத்தில் காத்து நிற்பவன் நான். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவேன்.

ஊருக்கெல்லாம் அவன் மாஸ்டர். எனக்கு அவன்தான், அவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1941-இல் பினாங்குக்குப் படிக்க வந்த பையன். தாய்மாமன் விநாசித்தம்பி இங்கே துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. இங்கே சீனியர் பரீட்சை எழுதினால் மாமன் மாதிரியே மேசை உத்தியோகம் கிடைக்கும் என்று தாய் நகையை விற்றுக் கப்பலேற்றி விட்டாள். பையன் வந்து நன்றாக உட்காரக்கூட இல்லை, ஜப்பான்காரன் குண்டு போட்டான். பள்ளிக்கூடம் மூடிவிட்டது. ஊருக்குப் போகக் கப்பலும் இல்லை. பிறகு ஜப்பான்காரனே அவன் பாஷையான நிப்போங்கோ சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் திறந்தான். சற்குணம் அதில் சேர்ந்தான், ஒரு வருஷத்தில் முதல் ஆளாக வந்துவிட்டான். கெட்டிக்காரன்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை.

என் லோரிக் கதை வேறு. ஓடுகிற வண்டியெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். என்னுடையது பழசு. பெட்ரோல் கிடைக்காத காலம், நானே யோசித்துப் பின்னால் கரி அடுப்புக் கட்டி, அந்தக் கரிப்புகையில் ஓட்டினேன். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பாஸ் கொடுத்தார்கள். சனிக்கிழமை கெடாவுக்குப் போய், கிழங்கும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டர்வர்த் ராணுவக் கிடங்கில் இறக்க வேண்டும். திரும்பும்போது இருட்டுமுன் மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், அதுதான் கண்டிஷன். தாண்டாவிட்டால் பாஸ் போகும். பாஸ் போனால் லோரி போகும். லோரி போனால் நான் மறுபடி அடுத்தவன் மூட்டைக்கு முதுகைக் கொடுக்க வேண்டும்.

பாலத்தில் நிற்கிற சிப்பாய் ஏதாவது கேட்பான். எனக்குப் புரியாது. புரியாததற்கு ஓர் அறை விழும். அதனால் விநாசித்தம்பி ஐயா ஒரு நாள் வந்து கேட்டபோது சரி என்றேன்.

"பெடியனுக்குப் பழைய இடங்கள் பாக்க ஆசை. சனி ஞாயிறிலை உங்கடை லோரியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. பாலத்திலை உங்களுக்காக அவன் கதைப்பான்."

"கதையெல்லாம் வேணாம் ஐயா. கேக்குறதுக்குப் பதில் சொன்னா போதும்."

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. முதல் வாரம் அலோர் ஸ்டார். நான் சாமான் ஏற்றி முடித்துக் காத்திருக்கிறேன், இவன் ராஜா கட்டின பழைய மண்டபத்தின் தூண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த வாரம் குவாலா கெடா கோட்டை. கோட்டை என்றார்களே என்று நானும் போய்ப் பார்த்தேன். பாதி சுவர், மீதி புல், மேலே ஒரு ஆடு. அதை ஒரு மணி நேரம் பார்த்தான்.

"இதுல என்னடா இருக்கு?"

"இந்தச் செங்கல்லைப் பாருங்கோ அண்ணை. எத்தினை சண்டையைப் பாத்திருக்கும்."

"நானும் வெளியில நிக்கிற சண்டையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வந்து ஏறுலா."

லோரியில் ஏறினால் வாய் ஓயாது. ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். வாத்தியார் இவன் பெயரையும் கொடுத்திருக்கிறாராம். அங்கே போனால் லீவு நாளில் பழைய நகரங்களுக்குக் கூட்டிப்போவார்களாம். கியோட்டோ என்று ஓர் ஊராம், தெருவுக்குத் தெரு கோயிலாம். கெப்பாலா பத்தாஸ் வருகிறவரைக்கும் கியோட்டோ, அதைத் தாண்டினால் நாரா. நான் கரி அடுப்பைக் கவனிப்பேனா, கியோட்டோவைக் கவனிப்பேனா.

இப்படியே போய் 1943-இல், ஜப்பான்காரன் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முந்தி, மெர்போக் போனோம். அங்கே கம்பத்தில், கிராமத்தைத்தான் சொல்கிறேன், கமாலுதீன் என்கிற மலாய்க்காரரிடம் கிழங்கு எடுப்பேன்.

"அண்ணை, எனக்கு இஞ்ச கடாரம் பாக்கோணும்."

"கடாரமா? எங்க வீட்டுக் கொல்லையிலயே ஒண்ணு கெடக்கு. வெந்நீர் காய வைக்கிறது. அதைப் பாக்கவா இவ்வளவு தூரம்?"

"அது அண்டா அண்ணை. ராசேந்திர சோழன் கப்பல்படை கொண்டுவந்து பிடிச்ச கடாரம். இந்தக் கெடாதான் அது எண்டு சொல்லுகினம். உங்கடை ஊர்ப்பக்கத்து ராசாதானே, உங்களுக்குத் தெரியாதே?"

"பிடிச்சவனே விட்டுட்டுப் போயிட்டான். நீ எதுக்குத் தேடுற?"

நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? அவன் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டான். "ஆத்திலை முழுகிப்போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் விளையாட்டாய்ப் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். கிழங்கு ஏற்றினோம், கட்டினோம். ஆளைக் காணவில்லை. ஆற்றங்கரைக்குப் போனால் பாறைமேல் சட்டை மட்டும் கிடக்கிறது. முழுகப் போகிறேன் என்று சொன்னவனின் சட்டை. நான் போட்ட சத்தத்தில் கமாலுதீனும் அவர் மருமக்களும் தண்ணீரில் குதித்துத் தேடினார்கள். நானும் இடுப்பளவு இறங்கினேன். கடைசியில் பார்த்தால் மேலே மேட்டில், காட்டுச் செடிக்குள், ஏதோ உடைந்த கோயிலின் அடிக்கல்லை ஜாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறான். தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது.

"முழுகப் போறேன்னு சொன்னியேடா."

"ஓம், முழுகினனான்."

"முழுகினவன் எப்படிடா பேசுவ?"

"தலைக்கு வாத்தால் முழுகிறதுதானே அண்ணை?"

"அதுக்குப் பேரு குளிக்கிறதுடா. முழுகினா செத்துப்போறது."

"எங்கடை ஊரிலை ஒவ்வொரு வெள்ளியும் முழுகுவம்" என்றான்.

இதற்குள் லோரியில் கரி அணைந்துவிட்டது. மறுபடி மூட்டி, விசிறி, புகை கட்டி வண்டி புறப்படும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போயிருந்தது. சின்னப் பையன் பயப்படுகிறானே என்று தைரியம் சொன்னேன்.

"பயப்படாத. கிடங்குல இருக்கிற பெரிய ஆபீஸர் இல்ல, அவர்கிட்டயே நான் பேசியிருக்கேன்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அவரையோ? நீங்களோ?"

"பின்ன? நேத்துக் காலையிலகூட நல்லா நாலு வார்த்தை பேசிட்டுத்தான் வந்தேன்."

"ஏன் அண்ணை பேசினனீங்கள்?"

"பேசாம இருந்தா நம்மள மதிப்பானா? இந்தக் காலத்துல பேசுறவன்தான் பொழைப்பான்."

"அவர் ஒண்டும் செய்யேல்லையே?"

"என்ன செய்வாரு? தலைய ஆட்டிக்கிட்டுக் கேட்டாரு."

பையன் அதற்குப் பிறகு பாலம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. என் தைரியத்தைப் பார்த்து வாயடைத்துப் போனான் என்று நினைத்தேன்.

பாலத்தில் வழக்கமான சிப்பாய் இல்லை. புதிதாக ஓர் இளம் அதிகாரி. நாங்கள் இறங்கிக் குனிந்தோம். பாஸை வாங்கி வானத்தைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார். இவன் நிப்போங்கோவில் ஏதோ சொன்னான், அவர் கத்தினார்.

"கரி அணைஞ்சு போச்சுன்னு சொன்னியா?"

"சொன்னன். பொய் எண்டுறார். லோரியை இஞ்ச விட்டிட்டு நடந்து போகட்டாம்."

என் லோரி. என் முதுகுத்தோல். "தம்பி, கிடங்குப் பெரிய ஆபீஸர்கிட்ட நான் பேசின ஆளுன்னு சொல்லு."

"அதைச் சொல்லத்தான் வேணுமோ?"

"அதைச் சொன்னாத்தான்டா விடுவான்."

"அண்ணை, வேண்டாம்."

"சொல்லுன்னா சொல்லு."

சொன்னான். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதை வருகிறது என்று நான் நிமிர்ந்து நின்றேன். விழுந்த அறையில் காதுக்குள் இன்னும் ஒரு வண்டு இருக்கிறது, டாக்டர்கள் எடுக்க முடியவில்லை. இரண்டு பேரையும் லோரிச் சக்கரத்தோரம் முட்டி போட வைத்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு டெலிபோன் இருந்த கொட்டகைக்குப் போனார்.

"என்னடா சொன்ன?"

"நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான். பெரியவரை இந்த மனுசன் நேற்று நல்லாப் பேசினவர் எண்டு."

"அதுக்கா அடிக்கிறான்?"

"பின்னை? மேலதிகாரியைப் பேசினால் சும்மா விடுவினமே?"

"பேசுறதுல என்னடா தப்பு?"

"பேசுறது எண்டால் ஏசுறதுதானே அண்ணை."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அப்ப இந்த மாதிரி வாயால சொல்றதுக்கு உங்க ஊருல என்ன பேரு?"

"கதைக்கிறது."

முட்டிக்குக் கீழே சரளைக்கல், தலைக்கு மேலே துப்பாக்கி. அந்த நிலையில் எனக்கு விநாசித்தம்பி ஐயா சிரித்தது ஞாபகம் வந்தது.

அதிகாரி திரும்பி வந்து கத்தியதை இவன் மெதுவாகத் தமிழில் சொன்னான். தன்னை எவனும் ஏசவில்லை, அப்படி ஒரு லோரிக்காரனையே தெரியாது என்று பெரியவர் டெலிபோனில் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை காலையில் அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், நான், ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரி, "ஹாய்" என்று பதில் சொன்னேன். அது பேச்சு இல்லாமல் வேறு என்ன? பெரிய வேலையில் இருப்பவர்கள் தினம் ஆயிரம் பேரைப் பார்ப்பார்கள், மறந்திருப்பார்.

"அப்ப பொய் சொன்னது ரண்டு பேரிலை ஆர் எண்டு கேக்கிறார்."

நான் வாய் திறப்பதற்குள் சற்குணம் எழுந்து, இடுப்பு வரை குனிந்து, ஏதோ கொஞ்சம் சொன்னான். அவனுக்கு இரண்டு அறை விழுந்தது. அவன் சட்டையிலிருந்த பள்ளிக்கூட அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார். பாஸையும் சாவியையும் என் காலடியில் எறிந்தார்.

பாலத்தைத் தாண்டினோம். பிறகு கேட்டேன்.

"என்னடா சொன்ன?"

"எனக்கு நிப்போங்கோ வடிவாத் தெரியாது, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு."

"உனக்கா தெரியாது? நீதானே முதல் ஆளு."

"தமிழ் ரண்டு விதம் எண்டு அவருக்கு நான் எப்பிடி அண்ணை விளங்கப்படுத்துறது? லோரி போயிருக்கும்."

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போய்விட்டது. பாஷை தெரியாதவனை ஜப்பானுக்கு அனுப்ப முடியாது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். விநாசித்தம்பி ஐயா என் வீட்டு வாசலில் நின்று, அவர் ஊர் அர்த்தத்தில், என்னைப் பேசினார். நான் லோரிக்குக் கரி அள்ளப் போய்விட்டேன். எனக்கு வேலை இருந்தது.

சனிக்கிழமை விடிந்தால் பையன் படகுத்துறையில் நிற்கிறான். கன்னத்தில் வீக்கம் வடியவில்லை.

"இந்த முறை தைப்பிங் போவமே அண்ணை?"

கெடாவுக்குப் போகிற லோரியை வைத்துக்கொண்டு தெற்கே இருக்கிற தைப்பிங்குக்கு வழி கேட்கிறான். இவனை என்ன செய்வது? ஏற்றிக்கொண்டேன்.

சண்டை முடிந்து கப்பல் ஓடியது. அவன் ஊருக்குப் போகவில்லை. மேசை உத்தியோகமும் பார்க்கவில்லை. சரித்திர வாத்தியாரானான், சம்பளத்தில் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுத்தான். லீவு நாளில் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போகத் தொடங்கினான். யாருடைய லோரியில் என்று கேட்கவே வேண்டாம். முப்பது வருஷம் என் வண்டி அவன் வகுப்புக்கு ஓடியது. ஒரு தடவைகூடச் சொன்ன நேரத்துக்கு ஏறியதில்லை.

எனக்கு வசதி வந்ததும், கியோட்டோ போய்ப் பார்த்துவிட்டு வா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இனி என்னத்துக்கு அண்ணை" என்பான். பிடித்தால் அதே பிடிவாதம்.

போன ஞாயிறும் இதே கதைதான். அவன் அன்று அளந்த கல்லையெல்லாம் சேர்த்து மெர்போக்கில் இப்போது மியூசியம் கட்டிவிட்டார்கள். என் கார், என் டிரைவர், என் செலவு. மூடுகிற நேரம், காவலாளி சாவியை ஆட்டுகிறான், இவன் மூக்குக் கண்ணாடியைக் கல்லில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"இன்னும் பத்து நிமிசம் அண்ணை."

"இரு, நான் போய் அவன்கிட்டப் பேசிட்டு வர்றேன்."

கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "பேசாதேங்கோ அண்ணை. கதைச்சுப் பாருங்கோ."

கதைத்தேன். கால் மணி நேரம் கொடுத்தான். இவன் முக்கால் மணி நேரம் நின்றான்.