ஒரு தெருவுக்கு ஒரு மெயில்

கீர்த்தி புள்ளி வைப்பதைப் பார்க்க வேண்டும். வீணான ஜெராக்ஸ் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மெயில் முகவரியைத் தனித்தனி எழுத்தாக எழுதுவாள். புள்ளி வரும் இடத்தில் பேனா நிற்கும். முதலில் மெல்லத் தொடுவாள். பிறகு அதே இடத்தில் பேனாவை ஊன்றி, ஸ்க்ரூ முடுக்குவதுபோல இரண்டு திருகு திருகுவாள். தாளைத் திருப்பி, மறுபக்கம் மேடு தட்டுகிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஆளிடம் கொடுப்பாள்.

"இந்தப் புள்ளிதான் நீ. வுட்றாத."

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே மெயில்தான். கீர்த்தியின் பெரியப்பா சுப்புராயன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையின் மெயில். ஆளுக்கொன்று திறந்து கொடுத்தால் பாஸ்வேர்டை மறப்பார்கள், நம்பரை மாற்றுவார்கள், போனே ஒருநாள் படகிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் யார் எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் சுப்புராயன் கடை மெயிலையே போட்டார். ஆனால் விண்ணப்பம் வாங்கும் இணையதளங்கள் ஒரே முகவரியை இரண்டு பேருக்கு ஏற்காது. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். கடை மெயிலை நடத்தும் நிறுவனம், முகவரியின் நடுவே எங்கே புள்ளி வைத்தாலும் கண்டுகொள்ளாது. எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். இணையதளத்துக்கோ, புள்ளி இடம் மாறினால் வேறு ஆள். முதலில் வந்த மணிக்கு முதல் எழுத்தை அடுத்துப் புள்ளி. அடுத்தவருக்கு இரண்டாம் எழுத்தை அடுத்து. எழுத்துகள் தீர்ந்ததும் ஆளுக்கு இரண்டு புள்ளி. கதவு எண் மாதிரி.

கீர்த்தி பி.சி.ஏ. படித்தவள். கம்பெனி கம்பெனியாக இன்டர்வியூ போய் அலுத்து, கடையில் வந்து உட்கார்ந்தவள். பெட்டியில் மெயில்களைத் துழாவிக் கண் வலித்ததால் தானே ஒரு புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு மெயிலுக்கும் தலையில், யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் தேதி, என்ன விஷயம் என்று சில வரிகள் இருக்கும். ஹெடர் என்பார்கள். அந்த வரிகளைப் பிரித்துப் படிக்கும் சின்னச் சின்னப் புரோகிராம் துண்டுகளை, அதாவது ஃபங்ஷன்களை, யாரோ எங்கோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு லைப்ரரியாகப் பொதுவில் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, ‘யாருக்கு’ என்ற வரியிலிருந்து முகவரியை மட்டும் உருவிக் கொடுக்கும். கீர்த்தியின் புரோகிராம் அந்த முகவரியைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தப் புள்ளி யாருடையது என்று கண்டுபிடித்து, அவர் போனுக்கு மெசேஜ் அனுப்பும். ‘உங்களுக்கு வந்த மெயில்’ என்று தொடங்கும். பிறகு விஷயம், தேதி. பெயர் இருக்காது. அவரவர் போனுக்குப் போவதில் பெயர் எதற்கு?

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பில் போடுகிறவன். வேலை முடிந்து வரும்போது அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கவிதை படிப்பேன். அங்கே பேசாமல் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கீர்த்தி மட்டும் புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள்.

"உன் கவிதைக்காரங்க யாரும் புள்ளியே வெக்க மாட்றாங்களே. நம்ம கடையில அப்ளிகேஷன் போட்டா ஒருத்தனுக்கும் லெட்டர் வராது."

மழை விட்டிருந்த ஒரு மாலையில் திருமுருகன் வந்தான். தெருக்கோடி வீடு, அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஏறினான்.

"இன்னா கீர்த்தி, உன் மிஷினு தூங்கிகினு கீதா?"

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர் பயிற்சிக்கு அவன் எழுத்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தான். சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. வயது வரம்புப்படி அவனுக்கு இதுவே கடைசி வருஷம். கூடப் பரீட்சை எழுதின திருவொற்றியூர்ப் பையன் ஒருவன் ரயிலில் பார்த்து, "ஏன் நீ வெரிஃபிகேஷனுக்கு வரல?" என்று கேட்டிருக்கிறான்.

கீர்த்தி பெட்டியைத் திறந்தாள். அழைப்பு இருந்தது.

"வெரிஃபிகேஷன் முந்தாநேத்து காலையிலண்ணா."

"எனக்கு மெசேஜே வர்லியே!"

மெசேஜ் போயிருந்தது, மணியின் போனுக்கு. அதற்கு முன்பு யாருக்கோ போகவேண்டியதும் மணிக்கு. அதற்கு முந்தையதும்.

லைப்ரரியின் புதிய பதிப்பை அவள் போன வாரம்தான் ஏற்றியிருந்தாள். பழையதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று அதை நடத்துகிறவர்களே சொல்லியிருந்தார்கள். ஓட்டையை அடைத்த கையோடு, முகவரியை உருவும் ஃபங்ஷனுக்கு ஒரு புதுப் பழக்கமும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்: புள்ளியைக் கண்டுகொள்ளாத நிறுவனத்தின் முகவரியா, புள்ளியைத் துடைத்துவிட்டுக் கொடு. வந்த மெயிலிலும் புள்ளி போனது. அவளுடைய பட்டியலைப் படிப்பதும் அதே ஃபங்ஷன்தான், அதிலும் போனது. தெருவே ஒரே ஆளாகிவிட்டது. பட்டியலில் முதல் பெயர் மணி. சுப்புராயன் முதன்முதலாக விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது அவருக்குத்தான், பல வருஷம் முன்னால் ஒரு யார்டு வேலைக்கு.

மணி படகு இன்ஜின் மெக்கானிக். கூப்பிட்டதும் கிரீஸ் கையோடு வந்தார்.

"மாமா, யார்டுலேந்து மெசேஜ் எதுனா வந்துச்சா உங்களுக்கு?"

"எனக்கு இன்னாத்த வரப்போவுது? போனு ஒரு வாரமா செத்துக் கெடக்குது. சார்ஜே ஏறல."

"பாத்திருந்தா சொல்லிருப்பீங்கல்ல?"

"இன்னா பாப்பா கேள்வி கேக்குற? தெருவுல கீற புள்ளைங்க பொழப்ப ஒரே பொட்டில போட்டுப் பூட்டிகினு, என்னாண்ட வந்து விசாரணையா?"

கடைக்கு வெளியே கூடியிருந்தவர்கள் அவர் பக்கம் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஒரு மெயில் கொடுத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று ஒரு அம்மாள் கேட்டாள். போன மாதம் தன் பாஸ்வேர்டைக் கீர்த்தியிடம் நாலு தடவை கேட்ட அம்மாள்தான்.

மறுநாள் காலை கீர்த்தியும் திருமுருகனும் நானும் யார்டுக்குப் போனோம். கேட்டைத் தாண்ட விடவில்லை. ஒரு அலுவலர் வெளியே வந்தார். கீர்த்தி புள்ளியில் தொடங்கி லைப்ரரிவரை எல்லாம் சொன்னாள். பாவம், அவருக்குப் புரியும் என்று நினைத்து நிதானமாகவே சொன்னாள்.

"மெயில் போய்ச் சேர்ந்த தேதி எங்ககிட்ட இருக்கும்மா," என்றார் அவர். "அதோட எங்க வேலை முடிஞ்சுது. படிக்காதது உங்க தப்பு."

"படிச்சது ஒரு ஃபங்ஷன் சார். அதுதான் தப்பாப் படிச்சிருக்கு."

"அப்போ அதை வந்து நிக்கச் சொல்லுங்க."

காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆள் எடுத்தாகிவிட்டது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் திருமுருகன் வெளியேவே பார்த்துக்கொண்டு வந்தான். டிரெய்லர் லாரிகள் வழிமறித்து நின்ற இடத்தில், "கிரேன் மேல ஏறினா நம்ம குப்பம் ஃபுல்லா தெரியுமாமே," என்றான். பிறகு, "வுடு கீர்த்தி."

அவள் விடவில்லை. லைப்ரரியை நடத்துகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். எங்கள் தெருவை விளக்கி, புள்ளியை விளக்கி, திருமுருகனைப் பெயர் சொல்லாமல் விளக்கி, புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுத் துடைக்கும்படி ஃபங்ஷனை மாற்றுங்கள் என்று முடித்தாள். என்னிடம் காட்டினாள். நான் ஒரு கமாவை எடுத்தேன்.

பதில் வந்தது. பெட்டி ஒன்று என்றால் ஆளும் ஒருவர். ஒரே ஆள் பல பெயரில் நுழைவதைத் தடுக்கத்தான் இந்த மாற்றம். நீங்கள் சொல்வதுபோல யாரும் பயன்படுத்துவதில்லை. இந்தக் கோரிக்கையை மூடுகிறோம். நன்றி. கடைசியில் ஒரு சிரிக்கும் மூஞ்சி.

"சிரிக்கிறான் பாரு," என்றாள். "ஒரு பொட்டின்னா ஒரு ஆளாம். இவன் வூட்ல ஒரு கக்கூஸ்னா ஒரு ஆளா?"

இன்னொரு முறை எழுதினாள். பதிலே இல்லை. கடைசியில் அந்த ஃபங்ஷனைத் தன் புரோகிராமுக்குள்ளேயே நகலெடுத்து, புள்ளி துடைக்கும் வரியை மட்டும் அழித்தாள். ஒரே ஒரு வரி. சோதனை மெயில்கள் உரிய போன்களில் ஒலித்தன. அது வேலை செய்ததில்தான் அவளுக்குக் கோபம் அதிகமானது. கீபோர்டைத் தள்ளிவிட்டு, ஜெராக்ஸ் மிஷின் மூடியை டமாரென்று சாத்தினாள்.

"ஒரு வரிடா. ஒரே ஒரு வரி."

தை பிறந்து ஒருநாள், தகடு லோடுக்கான பில்லோடு நான் அதே யார்டுக்குப் போகவேண்டி வந்தது. கேட் செக்யூரிட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ அந்த மெயிலு பொண்ணோட வந்தவன்தான? அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். வெரிஃபிகேஷன் அன்னிக்கு உங்க குப்பத்து ஆளு ஒருத்தரு வந்தாரே, மணின்னு. விடியறப்பவே வந்து நின்னாரு. இஸ்திரி போட்ட சட்டை, நகத்துல மட்டும் கிரீஸ். பழைய சர்டிபிகேட்டெல்லாம் கவர்ல போட்டு எடுத்தாந்திருந்தாரு. லிஸ்ட்ல உன் பேரு இல்லப்பா, வயசும் தாண்டிப் போச்சுன்னேன். போனக் காமிச்சி, ‘எனக்குத்தான வந்துகீது, நீயே பாரு’ன்னாரு. அதையே சொல்லிகினு இருந்தாரு. போவல. அந்த மரத்தாண்டயே நின்னாரு."

"அப்புறம்?" என்றேன்.

"கடைசியா உள்ளேந்து வந்து ஒரு பேரக் கூப்ட்டாங்க. திருமுருகன், திருமுருகன்னு. யாரும் வர்ல. இவரு மட்டும் தலையத் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் கவர மடிச்சி சட்டைக்குள்ள வெச்சிகினு நடந்து பூட்டாரு."