அம்மாவைப் படம் எடுத்தவள்

நாகலூர் மலைத் தோட்டத்தில் நான் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்த நாட்களில், சினிமா படிக்கும் பெண் ஒருத்தி கடைசி வருடக் குறும்படம் எடுக்க வந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. எதையாவது யோசித்தால் கேமரா மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

படம் அவள் அம்மாவைப் பற்றியது. எங்களோடு பறிப்பவர்தான். அன்றைக்குப் பட்டுப் புடவையில் வந்து நின்றார்.

"தினமும் புடவைக்கு மேல போடற சட்டையப் போட்டுக்கம்மா. வேலை செய்யற மாதிரியே தெரியல. காலேஜ்ல ஏத்துக்க மாட்டாங்க."

"ஏங்கண்ணு, ஊரே பாக்கற படத்துல உங்கப்பனோட கிழிஞ்ச சட்டையப் போட்டுட்டு நான் நிக்கோணுமா? உன்ற வாத்தியார வந்து நிக்கச் சொல்லு."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"சரிம்மா, பட்டுலயே பறி."

அம்மா பறிக்கத் தொடங்கினார். ஒரு செடி முடிவதற்குள் புடவையைக் குனிந்து பார்த்தார். "சாறு பட்டா கறை போவாது" என்று முனகிவிட்டு, கூடையில் கிடந்த சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டார். பிறகு கேமராவை மறந்து பறித்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி நடக்கும் என்று முன்பே தெரியுமா என்று அவள் பஸ் ஏறும்போது கேட்டேன்.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்கண்ணா" என்றாள்.

படத்தைப் பார்த்து அம்மா என்ன சொன்னாரோ தெரியவில்லை. அதற்குள் நான் அந்த மலையை விட்டு இறங்கியிருந்தேன்.